சாவா முதல்: தொண்டு நிறுவனங்கள் சொந்தக் காலில் நிற்பது பற்றிச் சில கணக்குகள்

திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரி என்றோர் ஊர் இருக்கிறது. 1977-இல் அங்கே இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராஜிதனுடையது, மற்றது முதலாம் பராந்தக சோழனுடையது. தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி அவற்றைப் படித்து 1979-இல் நூலாக்கினார். அபராஜிதனின் செப்பேடு திருத்தணி மலைமேல் உள்ள சுப்பிரமணியருக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைப் பதிவு செய்கிறது. அரசன் தந்தது ஓராண்டுச் செலவுக்கான தொகை அல்ல. நிலத்தைத் தந்தான், விளைச்சல் ஆண்டுதோறும் வரும், அதிலிருந்து வழிபாடு நடக்கும் என்பது ஏற்பாடு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழனிடம் தோற்று அபராஜிதன் மாண்டான். பல்லவப் பேரரசு அவனோடு முடிந்தது. மலைமேல் பூசை முடியவில்லை.

இதே வட்டாரத்தில் இன்று இயங்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்கள், கரும்பு வயல்கள், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள். அங்கே ஒரு மாலைநேரப் படிப்பு மையமோ மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி இல்லமோ தொடங்குகிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு நன்கொடை அமைப்பு மூன்றாண்டுத் திட்டம் தருகிறது. முதலாண்டு ஆள் எடுப்பதிலும் இடம் பார்ப்பதிலும் போகிறது. இரண்டாம் ஆண்டு வேலை சூடு பிடிக்கிறது. மூன்றாம் ஆண்டு முழுக்க அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுவதில் கழிகிறது. பிறகு "ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு" என்ற ஒரு வரியில் ஆசிரியைக்கும் பிள்ளைகளுக்கும் செய்தி போய்ச் சேர்கிறது. மீதமிருந்த பணத்தையும் பயன்பாட்டுச் சான்றோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாடு முழுக்க இப்படிக் கதவடைத்த மையங்கள் உண்டு. வேலை மோசமாக இருந்ததால் அல்ல, வந்த பணத்தின் இயல்பு அது என்பதால்.

என் வாதம் இதுதான். தொண்டு நிறுவனத்துக்குப் பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட எந்த வகைப் பணம் வருகிறது என்பது முக்கியம். நாள்தோறும் நடக்க வேண்டிய வேலையை நாள் குறித்து முடியும் பணத்தில் நடத்த முடியாது.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விகிதம் இருக்கிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சொல்கின்றன. கிழடு கழியும், குட்டி நிரப்பும், தொகை குறையாது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் இன்றைய நிதி ஆலோசகர்களுக்கும் பாடமாகும். முதல் தானே பெருகுகிறது. வருமானம் காசாக அல்லாமல் நெய்யாகவே வருவதால் விலைவாசி ஏறினாலும் விளக்கு மங்காது. மந்தை நோயில் விழும் இடரை இடையர் ஏற்கிறார். உழக்குக்கு மேல் கிடைக்கும் பாலும் குட்டியும் அவருக்கு. கொடுத்தவர், காப்பவர், பயன் பெறுபவர் மூவரின் நலனும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கிறது. அதே கோயில் பொற்காசுகளை ஊர்ச் சபைகளிடம் கடனாக வைத்து ஆண்டுக்கு 12½ சதவீதம் வட்டி வாங்கியது. வட்டியிலிருந்து இன்ன செலவு என்று கல்லில் வெட்டிவைத்தது.

விளக்கும் பூசையும் மட்டுமல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஆகியவற்றின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், மருந்து காய்ச்சுபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு; இரவு எரிய வேண்டிய விளக்குக்கு எண்ணெயும் உண்டு. கோயிலுக்கு உரிய ஊரின் வருவாயில் இத்தனையும் அடக்கம். சம்பளம், மருந்து, விளக்கெண்ணெய் இவற்றை 'நிர்வாகச் செலவு' என்று குறைக்கச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. இவைதாம் மருத்துவமனை என்ற தெளிவு இருந்தது.

இந்தக் கொடைகள் பிரமதேயங்களையும் சாதி அடுக்கையும் உழுகுடிகளின் சுமையையும் தாங்கி நின்றவை. அந்தச் சமூகத்தை நான் திரும்ப வேண்டவில்லை. அதன் நிதி அமைப்பிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்கிறேன். அந்த அமைப்பு எப்படி நொடித்தது என்பதும் அதே அளவு பாடம். இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகையில் உள்ள கோயில்களுக்கு இன்று சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. ஆனாலும் ஒருகாலப் பூசைக்குத் தவிக்கும் கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குத்தகை நிலுவை, ஆக்கிரமிப்பு, பத்திரங்கள் காணாமற்போனது ஒரு பக்கம். நெல்லாக அளந்த பயன் ரொக்கமாக மாறி, அந்த ரொக்கமும் பல பத்தாண்டுகளுக்கு ஏறாமல் நின்றது இன்னொரு பக்கம். சொத்து இருந்தது, அதைக் கண்காணிக்கும் சபை போய்விட்டது.

திருத்தணி மலைக்கோயில் நொடிக்காமல் நின்றதற்குக் காரணம், அதற்கு ஒரே வழியில் பணம் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருபவர்களும், டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூசை செய்து ஏறுபவர்களும் உண்டியலில் போடுவது ஒரு வரவு. அர்ச்சனை, தங்கும் விடுதி, பிரசாதம், கட்டளை, உபயம் என்று மற்றவை. ஆந்திர எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர் பக்கமிருந்து வரும் தெலுங்குக் குடும்பங்களின் காணிக்கையும் இதில் சேரும். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பக்தர்களுக்கு அந்த எல்லை குறுக்கே நிற்கவில்லை.

2021 செப்டம்பர் 16 அன்று சமயபுரம், திருச்செந்தூர், திருத்தணி மூன்று கோயில்களிலும் நாள் முழுதும் அன்னதானம் தொடங்கியது. கோயில் நிதியும் நன்கொடையாளர் தரும் தொகையும் அதைத் தாங்குகின்றன. அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத்துக்கு ஒரு தொகையை வைப்பில் போட்டு, அதன் வட்டியில் தாம் விரும்பிய நாளில் சோறு போடச் சொல்லும் கட்டளைகள் உண்டு. இதையே மிகப் பெரிய அளவில் பார்க்க விரும்புபவர் திருத்தணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திருப்பதி போய்விடலாம். 1985-இல் என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கிய திருமலை நித்திய அன்னதானம், நன்கொடையை வைப்பாக்கி வட்டியைச் செலவிடும் அறக்கட்டளையாக வளர்ந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 2021 செப்டம்பர் முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. மொட்டை போடும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கட்டணம் போனாலும் முடி ஏலத்தின் வருவாய் போகவில்லை. இலவசமாகத் தரும் சேவையிலேயே விற்கத்தக்க ஒரு பொருள் உருவாகிறது. அதை விற்றால் யாருக்கும் பாரமில்லை. தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள் தம் வேலையிலும் இப்படியொன்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

அப்படித் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பமே அதில் இறங்கியது. வசதியுள்ளவர் கட்டணம் தந்தார், இல்லாதவருக்கு இலவசம். ஆனால் இருவருக்கும் அதே மருத்துவர்கள், அறுவையின் தரமும் ஒன்றே. வேறுபாடு தங்கும் அறையில்தான். இலவச அறுவை மிகுதியாக நடந்ததால் மருத்துவர்களின் கை வேகமும் தேர்ச்சியும் கூடின, ஒவ்வொரு அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தது. இலவச நோயாளி நிறுவனத்துக்குச் சுமையாக இல்லாமல் அதன் பலமாகவே ஆனார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் விலையில் வந்துகொண்டிருந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதன் விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். ஊர் ஊராக நடக்கும் கண் முகாம்களின் ஏற்பாட்டுச் செலவை உள்ளூர்ச் சங்கங்களும் வணிகர்களும் ஏற்கிறார்கள். இதிலும் பணம் ஒரே வழியில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வங்கதேசத்தில் 1972-இல் பசலே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1978-இல் ஆரோங் என்ற கைவினைக் கடையைத் திறந்தது. கிராமப் பெண்கள் நெய்ததையும் தைத்ததையும் விற்கும் அந்தக் கடையின் லாபம் பள்ளிகளுக்கும் சுகாதாரப் பணிக்கும் போனது. சின்னாளப்பட்டிக்கு அருகே 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் கோ. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்திலும் கதர், சித்த ஆயுர்வேத மருந்து உற்பத்தி என்று இதே எண்ணம் வேரோடியது.

ஆனால் சொந்த வருவாய் எல்லாமே நல்லதல்ல. திருத்தணியிலிருந்து சில கிலோமீட்டரில் தொடங்கும் ஆந்திர மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. 1997-இல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ்., பிறகு நிதி நிறுவனமாக மாறி, 2010-இல் பங்குச் சந்தைக்குப் போய் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. பல நிறுவனங்கள் ஒரே பெண்ணின் வாசலில் நின்றன, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப்பட்டது, வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகின. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர, மாநிலம் முழுக்கத் தவணை கட்டுவது நின்றது. அந்த நிறுவனங்கள் சொந்தக் காலில் நின்றன என்பதில் ஐயமில்லை. யாருக்காகத் தொடங்கினவோ அவர்களின் தோளை மிதித்து நின்றன. பயனாளியிடமிருந்தே லாபம் எடுக்கும் எந்த ஏற்பாட்டையும் தொண்டு என்று நான் ஏற்கமாட்டேன். வசதியுள்ளவரிடம் வாங்கி வசதியற்றவருக்குத் தருவது வேறு.

சட்டம் இந்த வழியில் எங்கே நிற்கிறது? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15)-ஆம் பிரிவு, 'பொதுப் பயன்பாடு' என்ற வகையில் வரும் அறக்கட்டளை வணிகத்தால் பெறும் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வகுத்தது. கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி ஆகிய வகைகளுக்கு இந்த வரம்பு இல்லை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, அடக்க விலைக்கோ சிறிய கூடுதலுக்கோ தருவது வணிகமாகாது என்றும், கணிசமான லாபம் வைத்தால் வணிகமே என்றும் சொன்னது. ஆகவே நெசவாளர் துணியை விற்றுத்தரும் நிறுவனம் தன் பத்திரத்தில் நோக்கத்தை எப்படி எழுதியிருக்கிறது என்பதே அதன் தலையெழுத்தாகிவிடுகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50-இலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததோடு, ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொன்றுக்குத் தருவதையும் தடுத்தது. பெரிய நகரத்து அமைப்பு வழியாகச் சிற்றூர் அமைப்புக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது.

எனக்கு மிகவும் உறுத்துவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிய விதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பணம் பக்கத்து வட்டாரங்களுக்கு வர இது வழி திறந்தது. ஆனால் 2021 ஜனவரி 22-க்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலநிதிக்குத் தரும் தொகை இந்தக் கணக்கில் சேராது என்று ஒன்றிய அரசு விளக்கம் தந்தது. செலவழித்துத் தீர்க்கும் பணம் மட்டுமே செல்லும்; நிலைத்து நிற்கும் பணம் செல்லாது. அபராஜிதன் செய்ததுபோல் நிலைத்து நிற்கும் முதலை ஒரு கார்த் தொழிற்சாலை இன்று இந்தக் கணக்கில் தர முடியாது.

மூலநிதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலைப் படிப்பு மையத்துக்கு மாதம் 20,000 ரூபாய், ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் செலவு. வங்கி 7 சதவீதம் வட்டி தந்தால் சுமார் 34 லட்சம் வைப்பு போதும் என்று தோன்றும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பதினான்கு, பதினைந்து ஆண்டில் செலவு இரட்டிப்பாகும், வட்டி அப்படியே நிற்கும். முதல் தேயாமல் காக்க வேண்டுமானால் 5 சதவீதத்தை முதலோடு சேர்த்துவிட்டு 2 சதவீதத்தைத்தான் செலவிடலாம். அப்போது தேவைப்படும் வைப்பு 1 கோடியே 20 லட்சம். இதற்கும் வரிச் சட்டம் குறுக்கே வரும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும், 15 சதவீதத்தைத்தான் தடையின்றி மிச்சம் வைக்கலாம். அதற்கு மேல் ஒதுக்கினால் நோக்கம் சொல்லி ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும். அந்த 15 சதவீதத்தையாவது வட்டியில் மட்டுமின்றி எல்லா வரவிலும் ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் ஒழுக்கம் நிறுவனத்துக்கு வேண்டும்.

அதே 20,000 ரூபாயை வேறு வழியில் பாருங்கள். 200 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் தந்தால் வந்துவிடும். ஒரு கோடியே 20 லட்ச ரூபாய் வைப்புக்குச் சமமான வேலையை 200 வீடுகள் செய்கின்றன. விலைவாசி ஏறினால் 100 ரூபாய் 120 ஆகும். வட்டிக்கு அந்த இரக்கம் கிடையாது. இது கனவல்ல. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு நாள்தோறும் எடுத்துவைத்த பிடியரிசியால் நடந்த பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். விருதுநகர், சிவகாசி வட்டார நாடார் வணிகர்கள் ஒவ்வொரு சரக்கிலும் சிறு தொகையை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகளையும் பொதுப் பணிகளையும் நடத்தினார்கள். கோயிலுக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகம் அரசனையும் ஜமீன்தாரையும் எதிர்பாராமல் இதைச் சாதித்தது. மகமைக்கு ஊர்க்கூட்டத்தில் கணக்குக் காட்டியாக வேண்டும். தந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பதால் யாரும் தப்ப முடியாது. அந்தக் கண்காணிப்பு பணத்தைவிடப் பெரிய சொத்து.

பொதட்டூர்ப்பேட்டையில் லுங்கிக் கட்டு ஒன்றுக்கு ஒரு ரூபாய், திருத்தணிச் சந்தையில் மூட்டைக்கு இரண்டு ரூபாய் என்று சங்கங்கள் முடிவு செய்தால் அங்குள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் இல்லம் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சாதியின் எல்லைக்குள் நடந்த மகமையை ஊர் முழுவதற்கும் பொதுவாக்குவதுதான் நம் தலைமுறை சேர்க்க வேண்டிய பங்கு.

ஆக, வேலையின் இயல்புக்கு ஏற்பப் பணத்தைப் பிரித்து நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு. அன்றாட வேலைக்கு ஊராரின் மாதச் சந்தாவும், தரக்கூடியவரின் கட்டணமும். கணக்காளர், தணிக்கை, வாடகை போன்ற முதுகெலும்புச் செலவுக்கு மூலநிதி வட்டி. புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கவும் கட்டடம் எழுப்பவும் திட்டப் பணம். திட்டப் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். அது அந்த ஆளுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி. 2022-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதி வகுத்த சமூகப் பங்குச் சந்தையும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. திரும்ப வராத, வட்டியில்லாத அதன் பத்திரம் நன்கொடையின் இன்னொரு வடிவமே. அதில் பட்டியலிடும் தகுதி சிற்றூர் அமைப்புகளுக்கு எட்டாது.

ஒன்றிய அரசு 2021-இன் விளக்கத்தை மாற்றி, சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியையாவது, தணிக்கைக்கு உட்பட்ட சிறு தொண்டு நிறுவனங்களின் மூலநிதிக்குத் தர அனுமதிக்க வேண்டும். நிறுவனங்கள் தம் ஆண்டுக் கணக்கை வரித் துறைக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், எல்லைப் பகுதியில் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். நீங்கள் அன்னதானத்துக்குத் தருபவராக இருந்தால் அதைத் தொடர்ந்து தாருங்கள். உங்கள் ஊரில் நடக்கும் படிப்பு மையத்துக்கோ இல்லத்துக்கோ மாதம் 100 ரூபாய் கட்டுங்கள், ஆண்டு முடிவில் கணக்கைக் கேளுங்கள்.